கொஞ்சம் தள்ளிக்குங்க

எங்கள் காலத்தில் முகூர்த்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பவர் ஜோசியர். அது எந்த விநாடியில் நடக்கும் என்று முடிவு செய்பவர் போட்டோகிராபர். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஃப்ளாஷின் குணத்தைச் சொல்கிறேன். ஒருமுறை மின்னினால் அடுத்த மின்னலுக்குப் பத்து விநாடியாவது ஆகும். பேட்டரி தளர்ந்திருந்தால் இன்னும் இழுக்கும். உள்ளே ஒரு கீச்சொலி மெல்ல ஏறிக்கொண்டே போய், முதுகில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அடுத்த படம். அதுவரை மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே பிடித்தபடியே இருப்பார். ஐயர் என் முகத்தைப் பார்ப்பார். நாதஸ்வரக்காரர் ஐயரின் விரலைப் பார்ப்பார். முப்பத்து முக்கோடி தேவர்களும் யாரைப் பார்த்தார்களோ தெரியாது, அவர்களும் காத்திருந்தார்கள். விளக்கு எரியும். நான் தலையசைப்பேன். கெட்டிமேளம்.

1979இல் காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளியிடம் இருந்தது ஒரே கேமரா, யாஷிகா மேட் 124 ஜி. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒரு செட்டியார் பெட்டிக்குள் வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. அதில் மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது எடுக்க. கீழே இருந்தது 80 எம்.எம்., எஃப் 3.5. கழற்ற முடியாது. ஆகவே கல்யாணத்துக்கு எந்த லென்ஸ் நல்லது என்ற கேள்வி எங்கள் ஸ்டுடியோவில் எழவே இல்லை. லென்ஸ் கேமராவோடு பிறந்தது, கேமராவோடு போகும். சதுரப் படத்துக்கு அந்த 80 என்பது கண் பார்க்கிற அளவுதான். அகலமும் இல்லை, நெருக்கமும் இல்லை. அகலம் வேண்டுமா, நாலடி பின்னால் போ. நெருக்கம் வேண்டுமா, முன்னால் போ. ஜூம் எங்கள் முழங்காலில் இருந்தது.

அந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து, மேலே உள்ள கண்ணாடித் தட்டில் பார்க்க வேண்டும். தட்டில் இடம் வலமாகத் தெரியும். மாப்பிள்ளை இடக்கையால் தாலி கட்டுவார். பெண் சாஸ்திரத்துக்கு விரோதமான பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பழகிய பிறகு அதுவே நேராகத் தெரிய ஆரம்பித்து, வெறும் கண்ணால் பார்க்கிற உலகத்தின் மேல் சந்தேகம் வரும். நான் குனிந்தே நிற்பதைக் கண்டு, "மரியாதை தெரிஞ்ச பையன்" என்று ஆச்சிமார் சொன்னார்கள். அந்த நற்பெயரில் பாதி யாஷிகாவுக்குச் சேர வேண்டியது.

ஒரு 120 ரோலில் 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல்தான் அன்றாடப் பிழைப்பு. கலர் என்றால் வெளியூருக்கு அனுப்பிக் கழுவி வர வேண்டும். அதற்குள் பெண் மறுவீடு போய் வந்திருப்பாள். ஃபிலிமில் ஒளியை உணரும் வேகம் குறைவு. லென்ஸ் வாயை முழுக்கத் திறந்தாலும் மண்டபத்து ட்யூப்லைட் வெளிச்சம் காணாது. ஆகவே எல்லாமே ஃப்ளாஷ். முதலாளியின் ஒளியியல் முழுவதும் ஒரே வாக்கியம்: "பத்தடியில எஃப் லெவன், பதினஞ்சடியில எஃப் எயிட், அதுக்கு மேல போகாதடா, ரோல் தண்டம்." பின்னாளில் புத்தகம் பார்த்துத்தான் புரிந்தது. தூரம் இரட்டித்தால் வந்து சேரும் ஒளி நாலில் ஒரு பங்கு. முதலாளிக்குக் கணக்கு தெரியாது, ரோல் விலை தெரியும். இரண்டும் ஒரே விடைக்குத்தான் வந்தன.

இந்தப் பத்தடி, பதினைந்தடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் தாலிக்குப் பத்தடிக்குள் நிற்க உரிமை உள்ளவர்கள் பெற்றோர், ஐயர், நாத்தனார், போட்டோகிராபர். தாய்மாமன்கூட எனக்குப் பின்னால்தான். செட்டிநாட்டு வீடுகளில் அப்போது கல்யாணம் பெரும்பாலும் வீட்டில்தான். வளவைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். நடுவில் வானத்திலிருந்து கொட்டுகிற வெயில், சுற்றிலும் பட்டாலையில் கும்மிருட்டு, இரண்டுக்கும் நடுவில் பர்மா தேக்குத் தூண்கள். படம் எடுக்க விடக்கூடாது என்றே சதி செய்து கட்டின வீடுகள் அவை. ஆனால் ஒரு வாக்கியம் போதும். "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று கேமராவிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வேன். கூட்டம் விலகும். நான் சொல்லி விலகாதவர்களை ஆச்சி விலக்குவார்: "போட்டோக்காரத் தம்பிக்கு வழி விடுங்கப்பா, அப்புறம் படத்துல எல்லாரும் முதுகாத்தான் தெரிவீக." முதல் பந்தியில் எனக்கு இலை உண்டு. முதலாளி வந்திருந்தால் அவருக்கு மாலையும் உண்டு.

ஜூம் லென்ஸ் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும். கேள்வி ஞானம்தான். 35 எம்.எம். ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூம் 1959இலேயே வந்துவிட்டது. ஃபாய்க்ட்லாண்டர் கம்பெனியின் ஜூமார், 36 முதல் 82 வரை. 1963இல் நிக்கான் ஒன்று விட்டது, 43 முதல் 86 வரை. நன்றாக விற்றது, படத்தரத்தில் பேர் கெட்டது. ஓரங்களில் நேர்க்கோடு வளையும். தூண் நிறைந்த ஊரில் நேர்க்கோட்டை வளைக்கிற லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "எல்லாத்தையும் செய்றேன்னு வர்றவன் எதையும் உருப்படியா செய்யமாட்டான்" என்பது முதலாளியின் தீர்ப்பு. இதை அவர் ஜூம் லென்ஸைப் பற்றிச் சொன்னாரா, அப்போது தேர்தலில் நின்ற மைத்துனரைப் பற்றிச் சொன்னாரா என்பது இன்றும் எனக்கு ஐயம்.

ஊருக்கு ஜூமை அறிமுகம் செய்தவர் போட்டோகிராபர் அல்ல, எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்த வீடியோக்காரர். தோளில் ஒரு பெட்டி, பின்னால் ஒயரைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன், அவனுக்குப் பின்னால் ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன் விளக்கைப் பிடித்தபடி இன்னொரு பையன். கேமராவில் ஒரு பொத்தான். அழுத்தினால் பெண்ணின் மூக்குத்தி திரை முழுக்க வரும். எதிர்ப்பக்கம் அழுத்தினால் மண்டபம் முழுக்க வரும். பொத்தான் இருக்கிறது என்பதற்காகவே அழுத்தினார். மூக்குத்தியிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து மூக்குத்தி. அந்தக் காலத்து கல்யாண கேசட்டுகளை இன்று பார்த்தால் எனக்குக் கிறுகிறுக்கிறது. ஆனால் ஊர் வாயைப் பிளந்தது. விளக்கின் சூட்டில் பெண்ணின் பவுடர் கரைந்து ஓட, அதையும் அவர் நெருங்கிக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கும் தாலிக்கும் நடுவில் முதன்முதலாக இன்னொரு தொழிலாளி வந்து நின்றார். "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீகளா, ஃப்ரேம்ல வர்றீக" என்றார். பணிவாகத்தான் சொன்னார். நான் ஓரடி பின்னால் வைத்தேன். அந்த ஓரடியை இன்றுவரை யாரும் திருப்பித் தரவில்லை.

தொண்ணூறுகளில் நானே ஸ்டுடியோ வைத்தேன். 1995க்குப் பிறகு நிக்கான் எஃப்.எம். 10 பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தது. கூடவே 35–70 ஜூம் ஒன்று வந்தது. 35இல் எஃப் 3.5, முறுக்கி 70க்குப் போனால் எஃப் 4.8. அதாவது நெருங்கிப் பார்க்கப் பார்க்கக் கண் சுருங்கும். ஃப்ளாஷ் இருந்த வரையில் இந்தக் குறையை யாரும் கண்டுகொள்ளவில்லை. எப்படியும் எஃப் எட்டில்தானே எடுக்கிறோம். அந்த ஜூமைக் கையில் வாங்கியபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: வீடியோக்காரர் பறித்துக்கொண்ட ஓரடிக்கு இது நஷ்ட ஈடு.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். நடுவில் உள்ள ஆண்டுகளில் ஃபிலிம் செத்தது, டிஜிட்டல் வந்தது, ஆல்பம் கனத்தது, நான் இளைத்தேன். விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது ஸ்டுடியோவை நடத்துவது தங்கை மகன். நான் போர்டில் மட்டும் இருக்கிறேன். அழைத்தால் மண்டபத்துக்கும் போகிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் அவன் கடையில் உட்கார்ந்து, "மாமா, ஒரே லென்ஸ்ல முழுக் கல்யாணத்தையும் முடிக்கிற மாதிரி ஒண்ணு எடுக்கணும். எதை எடுக்கலாம்?" என்றான். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக இந்தத் தொழிலில் என்னிடம் ஒருவர் யோசனை கேட்கிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் என்னிடம் கேட்கவில்லை. காதில் செருகியிருந்த கருவி வழியாகச் சிவகங்கையில் இருக்கிற சிநேகிதனிடம்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் இருந்ததால் 'மாமா' சேர்ந்துகொண்டது.

இருந்தாலும் சொன்னேன். தொழில் தெரிந்தவன் கேட்காமலே சொல்லலாம்.

கல்யாணத்துக்கு ஜூம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு அவன் சொல்லும் காரணம் வசதி. என் காரணம் தூசி. மண்டபத்தின் காற்றில் பறப்பவை: ஹோமப் புகை, மஞ்சள் அரிசி, குங்குமம், பன்னீர், இப்போது வண்ணக் காகிதத்தூளும் குளிர்ப்புகையும். முகூர்த்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி வேறு மாட்டினால் இத்தனையும் உள்ளே குடிபுகும். ஃபிலிமில் அது பிரச்சினை இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிலிம் நகர்ந்து வரும், அழுக்கானது படத்தோடு போய்விடும். டிஜிட்டலில் சென்சார் ஒன்றுதான். அதில் ஒரு துகள் உட்கார்ந்தால் வரவேற்பு முடிகிறவரை எல்லாப் படத்திலும், எல்லோர் நெற்றியிலும் ஒரே இடத்தில் இருக்கும். ஆகவே காலையில் மாட்டினதை இரவில் கழற்றுவதுதான் உத்தமம்.

எதை மாட்டுவது? அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். 24–70 எஃப் 2.8, 28–75 எஃப் 2.8, 24–105 எஃப் 4, 35–150, எஃப் 2இலிருந்து 2.8. கடைசி ஒன்றைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

"28–75 போதுமே மாமா. டாம்ரான். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. விலையும் பாதி. நாலு எம்.எம்.தானே குறையுது."

அந்த நாலு எம்.எம்.மில்தான் செட்டிநாடே இருக்கிறது. 70க்கும் 75க்கும் நடுவில் உள்ள ஐந்தைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அகலப் பக்கத்தில் கணக்கு வேறு. 24இல் மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கலாம், 28இல் 75 டிகிரி. ஒன்பது டிகிரி என்பது பட்டாலையில் வரிசையாக நிற்கும் பங்காளிகளில் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் யார் என்பதைப் பொறுத்துப் பாக்கிப் பணம் வரும் அல்லது வராது. முன்னால் போகக் கால் இருக்கிறது. பின்னால் போகச் சுவர் விடாது. ஆகவே ஒரே லென்ஸ் என்றால் 24இல் தொடங்குவதாக இருக்கட்டும் என்றேன்.

ஆனால் 24ஐக் கையில் எடுத்தவன் ஓரத்தில் யாரை நிறுத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். அகல லென்ஸ் சட்டத்தின் ஓரத்தில் இருப்பதைப் பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்தும். க்ரூப் போட்டோவில் ஒடிசலான பிள்ளைகளை ஓரத்தில் விட்டு, சம்பந்தியம்மாவை நடுவுக்குக் கொண்டுவருவது மரியாதை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மரியாதையும்தான். முன்பெல்லாம் மேடையில் ஆளை இடம் மாற்றி நிறுத்துகிற அதிகாரம் எனக்கு இருந்ததால் இந்தக் கலை கைவந்தது. இப்போது நிறுத்துவது ஈவென்ட் மேனேஜர். அவர் உயர வரிசைப்படி நிறுத்துகிறார். சம்பந்தியம்மா ஓரத்துக்குப் போகிறார். ஆல்பம் பார்த்துவிட்டு என்னைத் திட்டுகிறார்.

"24–105 எடுத்துருவமா அப்ப? பந்தி, வாசல், மேடை எல்லாம் ஒண்ணுலயே வந்துரும்."

நல்ல லென்ஸ். என் கையில் விட்டால் அதைத்தான் எடுப்பேன். எஃப் 4 என்பது 2.8 தருகிற ஒளியில் சரிபாதிதான் தரும். ஆனால் 100 ஏ.எஸ்.ஏ. ரோலில் பிழைத்தவனுக்கு இது ஒரு குறையா? இன்றைய கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றினாலும் படம் பார்க்கும்படி இருக்கிறது. போதாததற்கு மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர், அந்த வெளிச்சத்தில் பொன்னுருக்கலாம். இதைச் சொன்னேன். மருமகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"வெளிச்சத்துக்கு யாரு மாமா 2.8 வாங்குறா? ப்ளருக்குத்தான்."

இங்கேதான் எனக்கும் இந்த யுகத்துக்கும் கணக்கு ஒத்துவராமல் போகிறது. எஃப் எட்டில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த எங்கள் படங்களில் மணமக்கள் துலக்கமாக இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கொட்டாவி விடும் பெரியத்தை துலக்கமாக இருப்பார். தெர்மாகோலில் வெட்டின 'நல்வரவு' துலக்கமாக இருக்கும். காலண்டரில் தேதிகூடத் தெரியும். இன்றைய வீட்டார் மேடை அலங்காரத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். பெங்களூரிலிருந்து பூ வருகிறது, தாய்லாந்திலிருந்து ஆர்க்கிட் வருகிறது. ராத்திரி முழுக்கப் பத்துப் பேர் ஏணியில் ஏறிக் கட்டுகிறார்கள். பிறகு காலையில் என்னை அழைத்து, "சார், பின்னாடி எல்லாம் நல்லா ப்ளர் ஆயிரணும்" என்கிறார்கள். அலங்காரத்துக்கு ஒரு தொகை, அது தெரியாமல் இருக்க ஒரு தொகை. இரண்டாவது தொகைதான் எஃப் 2.8.

மங்கலாக்குவதை நான் குறை சொல்லவில்லை. எழுபதில், எஃப் 2.8இல், ஆறடி தூரத்தில் பெண்ணின் கண் மட்டும் கூராக நின்று, பின்னால் உள்ள சீரியல் பல்புகள் எல்லாம் தங்கக் காசுகளாக உருகும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பழைய ஆல்பங்களை ஜனங்கள் எதற்காக எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மணமக்களை யாரும் பார்ப்பதில்லை; அவர்கள்தான் வீட்டிலேயே இருக்கிறார்களே. பின்னால் நிற்பவர்களைத்தான் விரல் வைத்துத் தேடுகிறார்கள். "இது நம்ம மெய்யம்மையோட சின்ன மாமியா தானே?" "அந்தத் தூண்ட்ட நிக்கிறது யாரு, தேவகோட்டையா?" ஒருமுறை ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். கணவர் போட்டோ வேண்டும், சடங்குக்கு. அந்த மனிதர் வாழ்நாளில் கேமரா முன் தனியாக நின்றதே இல்லை. பழைய நெகட்டிவ் கவர்களைத் தேடியதில் யாரோ ஒருவர் கல்யாணத்தில், மாலை மாற்றுகிறவர்களுக்குப் பின்னால், வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தோள்வரைக்கும் துலக்கமாக. அதைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். இன்றைய லென்ஸில் அவர் ஒரு தங்கக் காசாகியிருப்பார்.

இந்தக் கதையை மருமகனிடம் சொன்னேன். "சூப்பர் மாமா, ரீல்ஸ் போடலாம்" என்றான்.

கடைசியில் 24–70 எஃப் 2.8 வாங்கியாயிற்று. லட்சத்துக்கு மேல். 35–150ஐ அவன் மனது விடவில்லை; முக்கியமான வரவேற்புகளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறான். அதன் எடை 1,165 கிராம். என் யாஷிகா மொத்தமாகவே ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது, உடம்பும் இரண்டு லென்ஸும் சேர்த்து. இதுகூடப் பரவாயில்லை. 2023இல் கேனான் விட்ட 24–105 எஃப் 2.8, 1,330 கிராம். எதையும் விட்டுக்கொடுக்காத லென்ஸ் என்று விளம்பரம் செய்கிறார்கள். கழுத்து விட்டுக்கொடுத்துவிடும்.

வாங்கி இரண்டு மாதம் கழித்து அவன் இன்னொன்றைக் காட்டினான். லைட்ரூம் என்று ஒரு மென்பொருள். அதில் எந்தப் படம் எத்தனை எம்.எம்.மில் எடுத்தது என்று பிரித்துக் காட்டும். ஒரு கல்யாணத்தை விரித்துப் பார்த்தோம். முக்கால்வாசி இரண்டே இடத்தில் குவிந்து கிடந்தது. ஒன்று 24, மற்றது 70. நடுவில் 35, 50 என்று ஊர்கள் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே அவன் இறங்கவே இல்லை. காரைக்குடியில் ஏறித் திருச்சியில் கண் விழிக்கிறவனுக்குப் புதுக்கோட்டை வந்து போனது எப்படித் தெரியும்? லட்ச ரூபாய் கொடுத்து அவன் வாங்கியது இரண்டு லென்ஸும் அவற்றுக்கு நடுவே ஒரு ரயில் பாதையும். எல்லாப் போட்டோகிராபர்களும் இப்படித்தான் என்று சமாதானம் சொன்னான். எனக்குத் தெரிந்தவரை அதுவும் உண்மைதான். ஜூமைக் கையில் கொடுத்தால் மனிதன் கடைசிவரை முறுக்கித்தான் பார்ப்பான். அந்த நாளைய வீடியோக்காரரின் பொத்தான் நினைவுக்கு வந்தது.

ஏன் 24, ஏன் 70 என்று யோசித்தேன். 24 சுவருக்காக. அந்தச் சுவர் அன்றும் இருந்தது. 70 மனிதர்களுக்காக. அவர்கள்தான் புதிது.

நான் யாஷிகாவோடு நின்ற பத்தடி வட்டத்துக்குள் இன்று யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ட்ரெடிஷனல் போட்டோ ஒருவர், ட்ரெடிஷனல் வீடியோ ஒருவர், கேண்டிட் போட்டோ ஒருவர், கேண்டிட் வீடியோ ஒருவர். நேரலைக்கு முக்காலி போட்டவர். ரீல்ஸ் எடுப்பதற்கென்றே கையில் போனோடு வந்த ஒரு பெண். தலைக்கு மேல் ட்ரோன். அது கிளப்புகிற காற்றில் ஹோம குண்டத்துப் புகை ஐயர் கண்ணுக்குப் போகிறது. இவர்களைத் தாண்டி இரண்டு வீட்டு உறவும், ஆளுக்கு ஒரு கையை உயர்த்தியபடி. அட்சதை போட வேண்டிய கையில் போன் இருப்பதால் அட்சதை இடக்கையால் விழுகிறது. பத்தடி இருபதாயிற்று, இருபது நாற்பதாயிற்று. கூட்டம் ஒவ்வொரு வரிசையாக எனக்கு முன்னால் வந்து நிற்க நிற்க, லென்ஸ் கம்பெனிகள் 70, 105, 150, 200 என்று எண்ணை நீட்டிக்கொண்டே போகின்றன. இது முன்னேற்றம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ, மண்டபத்தில் போட்டோகிராபரின் மரியாதையை எம்.எம்.மில் அளந்து லென்ஸ் மேல் அச்சடித்திருப்பதாகத்தான் படுகிறது. எண் கூடக் கூட நீ தள்ளி நிற்கிறாய் என்று அர்த்தம். எண்பதிலேயே நின்றவன் நான். அதுவும் தாலிக்குப் பக்கத்தில்.

தள்ளி நிற்பதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள்: கேண்டிட். "நாங்க பாக்காதப்ப எடுக்கணும் சார், நீங்க இருக்கிறதே தெரியக்கூடாது." எங்கள் காலத்தில் ஒருவர் பார்க்காதபோது எடுத்துவிட்டால் சண்டைக்கு வருவார். "நான் ரெடின்னு சொல்றதுக்குள்ள எடுத்துப்புட்டீகளே" என்று அடுத்த ரோலில் இலவசமாக இன்னொன்று வாங்காமல் விடமாட்டார். பார்க்காமல் எடுத்த படங்கள் ஆல்பத்துக்கே போகாது, கவரில் கிடக்கும். இப்போது அவற்றுக்குத்தான் தனி ரேட்.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். மருமகன் 24–70ஐ என் கையில் கொடுத்துவிட்டு, வாடகை 35–150ஓடு மேடைக்கு எதிரே ஸ்டூல் மேல் ஏறிவிட்டான். நான் பக்கவாட்டில், தூண் ஓரமாக, 70இல் முறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா, மலேசியாவிலிருந்து வந்தவர், போனை உயர்த்திப் பிடித்திருந்தார். நல்ல மனிதர். திரும்பி என் லென்ஸைப் பார்த்தார்.

"இது எத்தனை எக்ஸ் தம்பி?"

எழுபதை இருபத்துநாலால் வகுத்தேன். "மூணு எக்ஸ்கூட வராதுங்க ஐயா. ரெண்டே முக்காலுக்கு மேல, மூணுக்குக் கீழ."

"இது நூறு எக்ஸ்" என்று போனைக் காட்டினார். பெருமை இல்லை, உண்மையான இரக்கம்தான் இருந்தது அந்தக் குரலில். நூறில் பெரும்பகுதி லென்ஸ் செய்வதல்ல, படத்தை வெட்டிப் பெரிதாக்கி உள்ளே கணக்குப் போட்டு நிரப்புவது என்று விளக்க வாய் திறந்தேன். அதற்குள் கெட்டிமேளம். யாரும் யார் தலையசைப்புக்கும் காத்திருக்கவில்லை. முன்வரிசைக் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்தன. எனக்குத் தெரிந்த இடைவெளி ஒன்றே ஒன்று, பெரியப்பாவின் முழங்கைக்குக் கீழே. பழைய பழக்கத்தில் குனிந்து அதன் வழியாக இரண்டடி உள்ளே போய்விட்டேன். தாலி முடிச்சு, மாப்பிள்ளையின் விரல், நாத்தனாரின் விரல், பெண்ணின் கழுத்தில் வழிந்த வியர்வை, எல்லாம் கிடைத்தது. எத்தனை எம்.எம். என்று பார்க்கவில்லை.

சாப்பாட்டு இலையில் உட்காரும்போது பெரியப்பா பக்கத்தில் வந்து அமர்ந்தார். என் நம்பர் வாங்கி அங்கேயே ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

"தாலி கட்டுறது எங்கிட்ட க்ளியரா விழுந்திருக்கு தம்பி. ஆல்பத்துல சேத்துருங்க. குறுக்க ஒரு வழுக்கைத் தலை வந்துருச்சு, போட்டோக்காரன் எவனோ. அதை மட்டும் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டாப் போதும். எடுக்க முடியும்ல?"

"முடியும்ங்க ஐயா" என்றேன். பாயசம் வந்தது.